நேட்டால் கப்பல் கணக்கு: 1,52,184 என்ற எண்ணைப் பிரித்துப் பார்த்தால்

நவம்பர் மாதம் பிறந்தால் தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகர இந்தியர்களிடையே ஒரு எண் வலம் வரத் தொடங்கும். மேடையில் சொல்வார்கள், அழைப்பிதழில் அடிப்பார்கள், கோயில் மண்டபத்து வாசலில் பதாகையாகக் கட்டுவார்கள். 152 184. நாம் ஊரில் 1,52,184 என்று காற்புள்ளி வைத்து எழுதுவதை இங்கே மும்மூன்றாகப் பிரித்து நடுவில் இடம் விட்டு எழுதுகிறார்கள். ஒரு லட்சத்து ஐம்பத்திரண்டாயிரத்து நூற்றெண்பத்து நான்கு. 1860 முதல் 1911 வரை நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலில் வந்து இறங்கிய இந்தியர்களின் தொகை அது.

போன வருஷம் எங்கள் பகுதி மண்டபத்துப் பதாகையில் அந்த எண் 152 148 என்று அச்சாகியிருந்தது. கணக்கு வாத்தியாருக்குத்தான் இதெல்லாம் கண்ணில் படும். ஏற்பாட்டாளர்களில் ஒருவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் ஒரு நிமிஷம் மனக்கணக்குப் போட்டுவிட்டு, "கூட்டிப் பாருங்க வாத்தியாரே, ரெண்டும் இருபத்தொண்ணுதானே வருது" என்று சிரித்துக்கொண்டே பந்தி நடக்கும் பக்கம் போய்விட்டார்.

சிரிப்புக்குச் சொன்ன அந்த வார்த்தைதான் இந்தக் கட்டுரைக்கு வித்து. இலக்கங்களைக் கூட்டினால் இரண்டும் 21 என்பது உண்மை. அதனால் அவை ஒரே மாதிரியான எண்கள் ஆகிவிடுமா? ஓர் எண்ணைப் பற்றி நாம் சொல்லும் சங்கதிகளில் எது அந்த எண்ணுக்கே உரியது, எது நாம் அதை எழுதும் முறையால் வந்தது, எது அதைக் கொண்டு எண்ணப்பட்ட மனிதர்களுக்கு உரியது? மூன்றையும் நாம் சர்வசாதாரணமாகக் குழப்பிக்கொள்கிறோம். பிரித்துப் பார்க்க 152184ஐவிட நல்ல எண் எனக்குக் கிடைக்காது.

முதலில் மனிதர்கள். 1860 நவம்பர் 16ஆம் தேதி, சென்னையிலிருந்து புறப்பட்ட ட்ரூரோ என்ற கப்பல் 342 பேருடன் டர்பன் துறைமுகத்தை அடைந்தது. நேட்டாலின் கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் வேண்டியிருந்தது. 1866இல் ஆள் எடுப்பது நின்று, 1874இல் மறுபடி தொடங்கி, 1911இல் இந்திய அரசு தடுத்து நிறுத்தியதோடு முடிந்தது. வந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினர் சென்னையில் கப்பல் ஏறியவர்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு பதிவு எண் தரப்பட்டது. கப்பல் பட்டியலில் அந்த எண்ணுக்கு எதிரே பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, ஊர், உடம்பில் உள்ள தழும்பு என்று வரிசையாக எழுதியிருப்பார்கள். டர்பனின் சாட்ஸ்வர்த் பகுதியில் என் பக்கத்து வீட்டு ஆயா அந்தப் பட்டியலில் ஒரு வரியின் நகலைச் சட்டம் போட்டுச் சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறார். எழுத்துக்கூட்டிப் படிக்க முடியாத ஊர்ப் பெயர் அதில் உண்டு. எண் மட்டும் தெளிவாக இருக்கிறது.

இனி எண்ணுக்கு வருவோம்.

பதாகையில் நடந்தது இலக்கம் இடம் மாறிய பிழை. 84 என்பது 48 ஆகிவிட்டது. 152184இலிருந்து 152148ஐக் கழித்தால் 36. இது 9 × 4. அந்த 4 என்பது 8க்கும் 4க்கும் உள்ள வித்தியாசம். பக்கத்துப் பக்கத்து இலக்கங்கள் இடம் மாறினால் வித்தியாசம் எப்போதும் 9இன் மடங்காகத்தான் வரும். கணக்குப்பிள்ளைகளுக்கு இது பழைய ரகசியம். ஐந்தொகை இடிக்கிறது, இடிக்கிற தொகை 9ஆல் வகுபடுகிறது என்றால், எங்கோ இரண்டு இலக்கங்களைத் திருப்பி எழுதியிருக்கிறோம் என்று பேரேட்டைப் புரட்டத் தொடங்குவார்கள். இலக்கங்களைக் கூட்டிச் சரிபார்ப்பதும் 9ஆல் வகுத்து மீதி பார்ப்பதும் அடிப்படையில் ஒரே வேலை. அதனால்தான் அந்த முறைக்கு இடமாற்றப் பிழை கண்ணில் படாது. ஏற்பாட்டாளரின் இருபத்தொன்று அவரை ஏமாற்றியதும் இதனால்தான்.

அப்படியானால் எந்தக் கணக்குக்கு அது தெரியும்? தென்னாப்பிரிக்காவில் ஒவ்வொருவர் சட்டைப்பையிலும் அதற்கு விடை இருக்கிறது. இங்கே அடையாள எண் 13 இலக்கம். முதல் ஆறு பிறந்த தேதி. அடுத்த நான்கு 5000க்குக் கீழே என்றால் பெண், 5000 முதல் மேலே என்றால் ஆண். கடைசி இலக்கம் எதையும் குறிக்காது. மற்றப் பன்னிரண்டும் சரியாக எழுதப்பட்டிருக்கின்றனவா என்று காவல் நிற்பதுதான் அதன் வேலை. ஐபிஎம் நிறுவனத்தில் இருந்த ஹான்ஸ் பீட்டர் லூன் வகுத்த முறை அது. வங்கி அட்டைகளிலும் இதே காவலாளிதான்.

நம் எண்ணுக்குப் போட்டுப் பார்ப்போம். வலது ஓரத்தில் தொடங்கி ஒன்று விட்டு ஒன்றை இரட்டிக்க வேண்டும். இரட்டித்தது இரண்டு இலக்கமாகிவிட்டால் அந்த இரண்டையும் கூட்டிக்கொள்ளலாம். 152184இல் 4 என்பது 8 ஆகிறது, அடுத்த 8 அப்படியே, 1 என்பது 2, அடுத்த 2 அப்படியே, 5 என்பது 10 ஆகி 1 ஆகிறது, கடைசி 1 அப்படியே. கூட்டினால் 22. அடுத்த பத்தான 30ஐத் தொட 8 குறைகிறது. ஆக, சரிபார்ப்பு இலக்கம் 8. பதாகையின் 152148க்கு இதையே செய்தால் 8 என்பது 16 ஆகி 7, பிறகு 4, 2, 2, 1, 1. கூட்டினால் 17, இலக்கம் 3. பிழை அகப்பட்டுவிட்டது. இரட்டிக்கும் இடம், இரட்டிக்காத இடம் என்று மாறி மாறி வைத்ததில்தான் சூட்சுமம். பக்கத்து இலக்கங்கள் இடம் மாறினால் எது இரட்டிக்கப்படுகிறது என்பதும் மாறிவிடும். 09 என்பது 90 ஆகும் ஒரே ஒரு ஜோடிதான் இந்தக் காவலாளியைத் தாண்டிப் போகும்.

அடையாள எண்ணைப் பேசும்போது ஒன்றைச் சொல்லாமல் போக முடியவில்லை. கணிதத்தில் வகைப்பாடு என்றால் வகுத்துப் பார்த்துக் கண்டுபிடிப்பது. ஓர் எண் இரட்டையா ஒற்றையா என்பதை எந்த அதிகாரியும் தீர்மானிக்க முடியாது. இங்கே 1950இல் வந்த மக்கள் பதிவுச் சட்டம் மனிதர்களை இனவாரியாக வகைப்படுத்தியது. அந்த வகை ஒரு காலத்தில் அடையாள எண்ணின் உள்ளேயே குறியீடாக உட்கார்ந்திருந்தது. 1980களில் குறியீட்டை எண்ணிலிருந்து எடுத்தார்கள். சட்டம் 1991இல் போயிற்று. என் மாணவர்களின் தாத்தா பாட்டிகளுக்கு வகைப்பாடு என்ற சொல் காதில் விழுந்தால் வேறு நினைவு வரும். அதனால் வகுப்பில் 'எண்களின் இனங்கள்' என்று நான் சொல்வதில்லை, 'எண்களின் குணங்கள்' என்றுதான் சொல்கிறேன்.

அந்தக் குணங்களைப் பார்க்க எண்ணை உடைக்க வேண்டும். கால்குலேட்டர் வேண்டாம், ஒரு துண்டுத் தாள் போதும். கடைசி மூன்று இலக்கம் 184. அது 8 × 23. ஆயிரம் என்பதே 8ஆல் வகுபடும் எண் ஆகையால், கடைசி மூன்று இலக்கம் 8ஆல் வகுபட்டால் முழு எண்ணும் வகுபடும். வகுத்தால் 19023. இது ஒற்றைப்படை, ஆகவே 2 இதோடு தீர்ந்தது. இலக்கங்களைக் கூட்டினால் 15, 3ஆல் போகும். வகுத்தால் 6341. இங்கேதான் பிள்ளைகள் சோர்ந்துபோவார்கள். 7ஆல் வகுத்தால் மீதி 6. 11ஆல் வகுத்தால் மீதி 5. 13ஆல் மீதி 10. சரி, இது பகா எண்தான் என்று பேனாவை மூடி வைக்கும் நேரத்தில் 17 மீதி இல்லாமல் போகிறது. ஈவு 373. இதற்குப் பிறகு 19 வரை பார்த்தால் போதும், ஏனென்றால் 23ஐ 23ஆல் பெருக்கினாலே 529 வந்து 373ஐத் தாண்டிவிடுகிறது. 373 எதற்கும் அசையவில்லை. அது பகா எண்.

ஆக, 152184 = 2 × 2 × 2 × 3 × 17 × 373.

இந்த வரிதான் எண்ணின் ஜாதகம். வரிசையை மாற்றலாம், ஆனால் வேறு பகா எண்களைக் கொண்டு இதே எண்ணைக் கட்ட முடியாது. பத்தின் அடிமானத்தில், அதாவது நாம் வழக்கமாகப் பத்துப் பத்தாகச் சேர்த்து எழுதும் முறையில் எழுதினாலும், கணினியைப் போல இரண்டின் அடிமானத்தில் 100101001001111000 என்று எழுதினாலும், பழைய தமிழ் முறையில் ௱௫௰௨௲௱௮௰௪ என்று எழுதினாலும் இந்த வரி மாறாது. எண்ணுக்கே உரிய குணம் என்று நான் சொல்வது இதைத்தான்.

மூன்று 2களையும் 3, 17 ஆகியவற்றையும் ஒரு பக்கமாகப் பெருக்கினால் 408. மறு பக்கம் 373. அதாவது 373 வரிசை, வரிசைக்கு 408 பேர் என்று நிறுத்தினால் கப்பலில் வந்த அத்தனை பேரும் ஒரு மைதானத்தில் செவ்வகமாக நிற்பார்கள், ஒருவர் கூட மிஞ்ச மாட்டார்கள். இதைவிடச் சதுரத்துக்கு நெருக்கமான செவ்வகம் இந்த எண்ணுக்குக் கிடையாது. இந்த இரண்டு பாதிகளும் தனித்தனியே பெயர் பெற்றவை என்று கண்டபோது எனக்கு மெய்யாகவே வியப்பாக இருந்தது.

408ஐ எடுத்துக்கொள்வோம். வேள்விக்குச் செங்கல் மேடை கட்ட அளவு சொல்லும் போதாயனரின் சுல்ப சூத்திரத்தில், சதுரத்தின் மூலைவிட்டத்தைக் காண ஒரு விதி இருக்கிறது. பக்கத்தின் அளவோடு அதன் மூன்றில் ஒரு பங்கைக் கூட்டு. அந்தப் பங்கின் நான்கில் ஒரு பங்கையும் கூட்டு. கடைசியாகக் கூட்டியதில் முப்பத்து நான்கில் ஒரு பங்கைக் கழித்துவிடு. கீழ்ப்பகுதியில் 3, 4, 34 மூன்றும் பெருகி 408 ஆகின்றன. மொத்தமாகச் சுருக்கினால் 577/408. இரண்டின் வர்க்கமூலத்துக்கு அவர்கள் வைத்திருந்த மதிப்பு இது, ஐந்து தசம இடம் வரை சரி. பக்கம் 408 முழம் உள்ள சதுரம் வரைந்தால் அதன் மூலைவிட்டம் 577 முழத்துக்கு ஒரு முழத்தின் ஆயிரத்தில் ஒரு பங்கு கூடக் குறையாது. 577ஐ வர்க்கமாக்கினால் 332929. 408இன் வர்க்கத்தை இரட்டித்தால் 332928. ஒன்றே ஒன்றுதான் வித்தியாசம். வர்க்கமூலம் பின்னமாக அடங்காது என்பதால் வித்தியாசம் சுழியமாக முடியாது; ஒன்றைவிட நெருங்கவும் வழியில்லை. 408 உட்காரும் வரிசை 1, 2, 5, 12, 29, 70, 169, 408 என்று போகும். ஒவ்வொன்றும் முந்தையதன் இருமடங்கோடு அதற்கும் முந்தையதைக் கூட்டியது. ஐரோப்பியர் இதற்குப் பெல் எண்கள் என்று பெயர் வைத்தார்கள்.

இதே 408 பக்கங்கள் கொண்ட ஒழுங்குப் பலகோணத்தை அளவுகோலும் கவராயமும் மட்டும் வைத்து வரைந்துவிடலாம். காரணம் உள்ளே இருக்கும் 3ம் 17ம். பதினேழு பக்க உருவத்தை அப்படி வரைய முடியும் என்று 1796இல் காட்டியபோது ஜெர்மானியக் கணித மேதை காஸுக்கு வயது பதினெட்டு. 373 இந்தக் கூட்டத்தில் சேராது. அதனால் 152184 பக்க உருவத்தை வரைய முடியாது. வரையப் போகிறவர் யார் என்பது வேறு கேள்வி.

373க்கு வருவோம். இதன் வசீகரம் வேறு வகை. முன்னால் இருந்து படித்தாலும் பின்னால் இருந்து படித்தாலும் ஒன்று: மாலைமாற்று. அதோடு, இதன் எந்தத் துண்டை வெட்டி எடுத்தாலும் பகா எண்ணாகவே இருக்கும். 3, 7, 37, 73, 373. எல்லாத் துண்டும் பகா எண்ணாக அமைகிற எண்களில் இதுவே மிகப் பெரியது. இதற்கு மேல் ஒன்றுகூடக் கிடையாது.

அதெப்படி அவ்வளவு உறுதி என்று என் வகுப்பில் ஒருத்தி கேட்டாள். கரும்பலகையில் நான்கே வரியில் முடிகிற காரியம்தான். ஒற்றை இலக்கப் பகா எண்கள் 2, 3, 5, 7. எண்ணில் இவற்றைத் தவிர வேறு இலக்கம் வரக் கூடாது. இரண்டு இலக்கத்தில் இந்த நான்கையும் வைத்துக் கட்டக்கூடிய பகா எண்கள் 23, 37, 53, 73 மட்டும். மூன்று இலக்கம் வேண்டுமானால் இவற்றில் இரண்டைக் கண்ணி கோக்க வேண்டும்: 237, 537, 373, 737. முதல் இரண்டும் 3ஆல் போய்விடும். 737 என்பது 11 × 67. மிஞ்சியது 373. நான்கு இலக்கம் வேண்டுமானால் முதல் மூன்றும் 373, கடைசி மூன்றும் 373 ஆக இருக்க வேண்டும், அது நடக்காது. முடிந்தது. அவள் கொஞ்ச நேரம் பலகையைப் பார்த்துவிட்டு, "இவ்வளவுதானா" என்றாள். கணக்கில் எனக்குப் பிடித்த வார்த்தை அதுதான்.

ஆனால் இந்த அழகு யாருடையது? 373 பகா எண் என்பது அதன் சொந்தச் சொத்து. துண்டு துண்டாக வெட்டினாலும் பகா எண் என்பது பத்தின் அடிமானம் கொடுத்த இரவல் நகை. நம் பழைய முறையில் எழுதிப் பாருங்கள்: ௩௱௭௰௩. மூன்று, நூறு, ஏழு, பத்து, மூன்று. முன்னால் வெட்டினால் ௭௰௩, எழுபத்து மூன்று கிடைக்கிறது, சரி. பின்னால் வெட்டினால் ௩௱௭௰, அது முந்நூற்றெழுபது. முப்பத்தேழு என்கிற துண்டு அந்த எழுத்துக்குள் இல்லவே இல்லை. திருப்பிப் படித்தால் மாலைமாற்றும் குலைந்துவிடும். நூறு, பத்து என்று நாம் வாயால் சொல்கிற இடப்பெயர்களையே எழுத்தாக வைத்த முறை அது. அதில் கணக்குப் போட்ட ஒருவருக்கு 373 வெறும் பகா எண், அவ்வளவுதான். வேடிக்கை என்னவென்றால் எட்டின் அடிமானத்தில் 373ஐ 565 என்றும், நான்கின் அடிமானத்தில் 11311 என்றும் எழுத வேண்டும், அங்கேயும் மாலைமாற்று! இதற்கு ஆழமான காரணம் ஒன்றுமில்லை. ஆனாலும் பார்த்த அன்று ராத்திரி வேறு அடிமானங்களை எல்லாம் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

இலக்கங்களைக் கூட்டி 21, அதைக் கூட்டி 3, ஆகவே இது குருவின் எண் என்று சொல்லி நேரம் கணித்துக் கொடுக்கிறவர்கள் டர்பனிலும் இருக்கிறார்கள். அந்த 3 என்பது 9ஆல் வகுத்த மீதி. எட்டின் அடிமானத்தில் வாழ்ந்திருந்தால் 7ஆல் வகுத்த மீதியான 4 வந்திருக்கும், வேறு கிரகம் வந்து உட்கார்ந்திருக்கும். இதற்கு மேல் அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

பழைய கிரேக்கர்கள் எண்களை மூன்று குணமாகப் பிரித்தார்கள். ஓர் எண்ணை மீதியின்றி வகுக்கும் சிறிய எண்களை எல்லாம் கூட்டினால் அதே எண் வந்தால் நிறைவு எண். 6 அப்படிப்பட்டது, 1, 2, 3 சேர்ந்து 6. கூட்டுத்தொகை குறைந்தால் குறை எண், மிஞ்சினால் மிகை எண். நிக்கோமாக்கஸ் என்பவர் மிகை எண்களை அளவுக்கு மீறி உறுப்புகள் கொண்ட விலங்குகளோடு ஒப்பிட்டுப் பழித்தார். நம் 152184க்குத் தன்னையும் சேர்த்து 32 காரணிகள். தன்னை விட்டுவிட்டு மற்ற 31ஐயும் கூட்டினால் 2,51,736. நிக்கோமாக்கஸ் கணக்கில் இது ஒரு கொழுத்த விலங்கு. கூட்டிப் பார்க்காமலே இதைச் சொல்லிவிடலாம். 6இன் மடங்கு எதுவானாலும் அதில் பாதி, மூன்றில் ஒன்று, ஆறில் ஒன்று மூன்றும் காரணிகளாக இருக்கும். இங்கே 76092, 50728, 25364. மூன்றும் சேர்ந்தாலே முழு எண் வந்துவிடுகிறது. மேலே ஒரு 1 இருந்தால் கூட மிகைதான். ஆகவே 6ஐத் தாண்டிய 6இன் மடங்குகள் எல்லாமே மிகை எண்கள். இந்தப் பட்டத்தால் 152184க்குத் தனிப் பெருமை ஒன்றுமில்லை. முழு எண்களில் ஏறக்குறைய நான்கில் ஒன்று மிகை எண்தான்.

எனக்குப் பிடித்த வகை இன்னொன்று. 1948இல் ஏ.கே. சீனிவாசன் என்பவர் ஒரு சிறு கட்டுரையில் சில எண்களுக்கு 'நடைமுறை எண்' என்று பொருள்படும் பெயரைச் சூட்டினார். மளிகைக் கடைத் தராசை நினைத்துக்கொண்டால் விளங்கும். எண்ணின் காரணிகள் எவையோ அவைதான் உங்களிடம் உள்ள எடைக்கற்கள், ஒவ்வொன்றிலும் ஒன்றே ஒன்று. இவற்றை வைத்து அந்த எண்ணுக்குக் கீழே உள்ள எந்த எடையையும் நிறுக்க முடிந்தால் அது நடைமுறை எண். 12க்கு 1, 2, 3, 4, 6 என்ற கற்கள் உண்டு. 11 வேண்டுமா, 6, 4, 1 போடலாம். 10க்கு 1, 2, 5தான். 4 கேட்டால் கடைக்காரர் கையை விரிக்க வேண்டும்.

152184 நடைமுறை எண்ணா? முப்பத்தொரு கற்களையும் வைத்து ஒன்றரை லட்சம் எடைகளை நிறுத்துப் பார்க்க வேண்டியதில்லை. பகாக் காரணிகளைச் சிறியதிலிருந்து அடுக்கிக்கொண்டு போகும்போது, புதிதாக வருவது அதுவரை சேர்ந்த எண்ணின் எல்லாக் காரணிகளின் கூட்டுத்தொகையைவிட ஒன்றுக்கு மேல் பெரிதாக இல்லாதிருந்தால் போதும். 8இன் காரணிகள் கூடி 15. அடுத்த 3 அதற்குள் அடங்குகிறது. 24இன் காரணிகள் கூடி 60, 17 அடங்குகிறது. 408இன் காரணிகள் கூடி 1080, 373 அடங்குகிறது. ஆக, நடைமுறை எண்ணேதான். முதல் கப்பலின் 342 பேரை நிறுக்க வேண்டுமா? 204, 136, 2 என்ற கற்கள் போதும். முதல் கப்பல் வந்த 1860? 1492, 204, 136, 24, 4. கடைசி ஆண்டான 1911? 1492, 408, 8, 3. இந்தக் கற்கள் ஒவ்வொன்றும் 152184ஐ மீதியின்றி வகுக்கும். சனிக்கிழமை வகுப்பில் பிள்ளைகள் தங்கள் பிறந்த ஆண்டுகளை நிறுத்துப் பார்த்தார்கள். ஒருவன் தன் வீட்டுச் சட்டத்தில் உள்ள பதிவு எண்ணையே நிறுத்தான். அதற்கு ஆறு கற்கள் ஆயின.

32 காரணிகள் என்பது கேட்கப் பெரிதாக இருக்கிறது, ஆனால் பெரிதல்ல. 1,10,880 என்ற சிறிய எண்ணுக்கு 144 காரணிகள். தனக்கு முன்னே உள்ள எல்லா எண்களையும் காரணி எண்ணிக்கையில் மிஞ்சும் இப்படிப்பட்ட எண்களைப் பற்றி 1915இல் நீண்ட ஆய்வுக்கட்டுரை வெளியிட்டவர் ராமானுஜன். அவர் சென்னைத் துறைமுகக் கழகத்தின் கணக்குப் பிரிவில் முப்பது ரூபாய் சம்பளத்துக்குக் குமாஸ்தாவாகச் சேர்ந்தது 1912 மார்ச் 1ஆம் தேதி. நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிய கப்பல்கள் சென்னையை விட்டுப் போவது நின்று அப்போது ஒரு வருஷம் கூட ஆகவில்லை. அவர் கையில் நேட்டால் பேரேடு எதுவும் வந்திருக்காது. ஆனாலும் துறைமுகத்தை நினைத்தால் எனக்கு இந்த இரண்டும் சேர்ந்தே ஞாபகம் வரும்.

இப்போது, எண்ணிய கைக்கு வருவோம். 152184 என்பது கூட்டல் விடை. ஐம்பது ஆண்டுகளாக வெவ்வேறு எழுத்தர்கள் வெவ்வேறு மையில் எழுதிய வரிகளின் தொகை. அதில் ஒரு வரி தவறியிருந்தால்? ஓர் எழுத்தர் ஒரே ஒரு பெயரை விட்டிருந்தால் தொகை 152183 ஆகியிருக்கும்.

152183ஐ உடைத்துப் பார்க்க ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்தேன். அதன் வர்க்கமூலம் 390ஐச் சற்றே தாண்டுகிறது. ஆகவே 2 முதல் 389 வரை உள்ள 77 பகா எண்களால் வகுத்துப் பார்க்க வேண்டும். 37ஆல் மீதி 2. 31ஆல் மீதி 4. 349ஆல் மீதி 19. சாயங்காலம் 389இல் மீதி 84 என்று முடிந்தது. ஒன்றும் போகவில்லை. 152183 பகா எண்! முப்பத்திரண்டு காரணிகள், சுல்ப சூத்திரத்தின் 408, தராசுக் கற்கள், மிகை எண்ணின் கொழுப்பு எல்லாம் ஒரே ஒரு ஆள் குறைந்தவுடன் காணாமல் போய்விடுகின்றன. அந்தத் தொகையை எந்தச் செவ்வகத்திலும் நிறுத்த முடியாது, ஒற்றை வரிசைதான். ஓர் ஆள் கூடியிருந்தால் 152185. அது 5 × 11 × 2767, ஒரு சாதாரணக் குறை எண். ஆறு பேர் கூடியிருந்தால் 152190. அது ட்ரூரோவின் 342 பேர் அளவிலேயே சரியாக 445 கப்பல்.

சரித்திர ஆசிரியருக்கு 152183க்கும் 152184க்கும் வித்தியாசம் கிடையாது. ஒருவர் கூடினாலும் குறைந்தாலும் கரும்புத் தோட்டத்தின் கதை அதேதான். கணிதத்துக்கோ பக்கத்துப் பக்கத்து எண்கள் முன்பின் தெரியாத அந்நியர்கள். அடுத்தடுத்த இரண்டு எண்களுக்கு 1ஐத் தவிரப் பொதுக் காரணியே இருக்க முடியாது. ஆகவே 152184இன் காரணிகளை வைத்து அந்த மனிதர்களைப் பற்றி ஏதாவது சொல்ல முயன்றால் அதுவும் ஒருவிதச் சோதிடம்தான். ஆனால் பக்கத்து வீட்டு ஆயாவிடம் இதைச் சொல்லிப் பார்த்தபோது அவர் வேறு திசையில் போனார். "ஒரு ஆள் குறைஞ்சா ஒண்ணும் இல்லைன்னா சொல்றே? அந்த ஒரு ஆளு எங்க தாத்தாவா இருந்தா?" என்றார். எனக்குப் பதில் வரவில்லை. காபி ஆறிக்கொண்டிருந்தது, குடித்தேன்.

இந்த ஆண்டு பதாகை என் பொறுப்பு. இலக்கம் இடம் மாறக் கூடாதே என்று அச்சகத்துக்குப் போகும் தாளில் 152 184 என்று பெரிதாக எழுதி, பக்கத்தில் பென்சிலால் சிறியதாக லூன் முறைச் சரிபார்ப்பு இலக்கமான 8ஐயும் குறித்தேன். மாதிரிப் படி நேற்று வந்தது. 1 521 848 என்று கொட்டை எழுத்தில் அச்சிட்டிருக்கிறார்கள்.